சீடியா, ரெக்கோட்டா? கிழக்கில் டீஜே ஆகப் போகிற ஒரு பொடியனுக்காக

அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, டீஜே ஆகத்தான் போகிறேன் என்று நிற்கிறான். சுவிஸில் இருக்கும் அவனுடைய பெரியப்பாவும் பின்னால் நின்று தள்ளுகிறார். அங்கே ஒருவர் தன்னுடைய ரெக்கோட் சுழற்றுகிற டர்ன்டேபிள் இரண்டையும், பாட்டுக்களைக் கலக்குகிற மிக்ஸரையும், எண்பது ரெக்கோட் இசைத்தட்டையும் ஒன்றாகக் கைமாற்றப் போகிறாராம். அதே காசுக்குப் பாவித்த சீடி பிளேயர் இரண்டும் எடுக்கலாமாம். எது வேண்டுமோ அதை அடுத்த கப்பல் பார்சலில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பொடியன் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்து, "மாமா, நீங்க ரெண்டிலயும் பாட்டுப் போட்டிருக்கிறீங்க. எதை எடுக்கிற?" என்று கேட்டான்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சவுண்ட் செட் கட்டிப் பாட்டுப் போட்டு எனக்கு இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அன்று உடனே பதில் சொல்லவில்லை. அவன் கண்ணில் தெரிந்தது ரெக்கோட் ஆசை. சுழலும் கறுப்புத் தட்டில் விரலை வைத்து நிறுத்துகிற அந்தக் காட்சி எந்தப் பொடியனையும் மயக்கும். என்னையும் மயக்கியது. அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள்.

நியூயோர்க்கிலோ லண்டனிலோ இருப்பவர் சொல்கிற பதிலை அப்படியே தூக்கி வந்து பாசிக்குடாவில் வைக்க முடியாது. அங்கே கிளப் என்றால் குளிரூட்டிய அறை, அசையாத மேசை, இன்ன வகைப் பாட்டுத்தான் கேட்கும் என்று தெரிந்தே வருகிற கூட்டம். எங்களுடைய கிளப் ஒரு நாள் களுவாஞ்சிக்குடியில் கல்யாண மண்டபம், மறுநாள் கல்முனையில் ஒரு அலுவலக விருந்து, அடுத்த நாள் பாசிக்குடா ஹொட்டேல் முற்றம். சுற்றுலா சீசன் தொடங்கிவிட்டால் அறுகம்பே மணலில் பலகை அடித்த மேடை. ஒரே கிழமையில் இவை நான்கிலும் நிற்க வேண்டி வரும். இந்த நான்குக்கும் எது சரிவரும் என்று பார்ப்பதுதான் எனக்குக் கேள்வி.

பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டீஜேக்கள் கொண்டாடுகிற ரெக்கோட் என்பது 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு வைத்து அடித்தது. 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நடன அரங்குகளுக்காக வந்த வடிவம் அது. ஒரு பாட்டுக்கு அவ்வளவு இடம் கிடைப்பதால் ஊசி ஓடுகிற பள்ளங்கள் அகலமாக விழும், சத்தம் கொழுத்து வரும். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் நீளமாக ஓடும். அந்த வெறும் தாளத்தின் மேல்தான் அடுத்த பாட்டை ஏற்றுவார்கள். பெரியப்பா சொல்கிற எண்பது ரெக்கோட்டும் அந்த வகைதான். பட்டியலைப் பொடியன் காட்டினான். நல்ல தெரிவு, நான் மதிக்கிற சேகரிப்பு. ஆனால் அதில் ஒன்றுகூடக் களுவாஞ்சிக்குடி மண்டபத்தில் ஓடாது.

எங்களுடைய கூட்டம் கேட்கிற பாட்டு ரெக்கோட்டில் வரவில்லையா என்றால், வந்தது. தமிழ்த் திரைப்பாட்டுகள் 7 அங்குலத் தட்டிலும் பல பாட்டு அடங்கிய பெரிய எல்பித் தட்டிலும் ஏராளமாக வந்தன. இலங்கை வானொலி அவற்றைப் போட்டுத்தான் எங்கள் அம்மா அப்பாவின் தலைமுறையை வளர்த்தது. ஆனால் அவை வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்தவை. எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்தை நெருக்கி வைத்தால் பள்ளங்கள் ஒடுங்கிவிடும், பேஸ் என்கிற அடிச்சத்தம் மெலிந்துவிடும். கல்யாண மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸில் போட்டால் பாட்டு தூரத்துக் கோயிலில் இருந்து கேட்கிற மாதிரி இருக்கும். அப்புறம், அந்தக் காலத்துப் பாட்டை ஒரு முழு இசைக்குழு ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிந்தது. மனிதர் வாசிக்கும்போது தாளம் ஒரு இடத்தில் கொஞ்சம் ஓடும், ஒரு இடத்தில் கொஞ்சம் இழுபடும். கேட்பதற்கு அதுதான் அழகு. ஆனால் அதன் மேல் இன்னொரு பாட்டை ஏற்றுகிறவனுக்கு இரண்டு கையும் ஓய்வில்லாமல் வேலை செய்ய வேண்டும். போதாததற்குத் தமிழ்த் திரைப்பாட்டு ரெக்கோட்டில் வருவது 90களோடு ஏறக்குறைய நின்றுபோனது. இன்றைக்குப் பொடியன்கள் எழும்பி ஆடுகிற குத்துப்பாட்டை ரெக்கோட்டில் தேடினால் கிடைக்காது.

சீடியில் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. எந்தப் பாட்டாக இருந்தாலும் எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் நான் சீடிப் பக்கம் சாய்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் லூப். டீஜேக்களுக்கான சீடி பிளேயரில் பாட்டின் ஒரு துண்டைப் பிடித்து அது திரும்பத் திரும்ப ஓடும்படி வைக்கலாம். வெறும் தாளத் தொடக்கம் இல்லாத திரைப்பாட்டில் இடையிசையில் நான்கு தாளக்கட்டைப் பிடித்துச் சுற்றவிட்டால், அடுத்த பாட்டை ஏற்ற இடம் கிடைத்துவிடும். இதே வேலையை ரெக்கோட்டில் செய்ய வேண்டும் என்றால் ஒரே தட்டில் இரண்டு பிரதி வேண்டும். ஒன்றில் தாளத்துண்டு முடியும்போது மற்றதில் அதே துண்டைத் தொடங்க வேண்டும், அதற்குள் முதல் தட்டைப் பின்னுக்குச் சுற்ற வேண்டும். 1973 ஓகஸ்டில் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் தங்கையின் விருந்துக்குப் பாட்டுப் போட்டாரே டீஜே கூல் ஹேர்க், அவர் தொடங்கி வைத்த வித்தை அது. ஹிப் ஹொப் அங்கிருந்துதான் பிறந்தது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மயிர் கூச்செறியும். ஆனால் அவருக்கு இரண்டு பிரதி கடையில் கிடைத்தது. எங்களுக்கு ஒரு பழைய தமிழ்த் தட்டில் ஒரு பிரதி கிடைப்பதே பெரிய காரியம்.

இங்கே பைலா என்கிற ஆட்டப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டக்களப்பில் கல்யாணம் என்றால் கடைசி அரைமணி நேரம் பைலாவுக்குத்தான். எங்கள் பறங்கிக் குடும்பங்களின் கப்பிரிஞ்ஞா ஆட்டமும் வயலினும் கிற்றாரும் ஊர் முழுக்கப் பரவி, இன்று எல்லாருடைய கல்யாணத்திலும் அந்த ஆட்டம் இருக்கிறது. பைலா ஆறெட்டுத் தாளம். எங்கள் குத்தும் பெரும்பாலும் அதே நடைதான். ஆகவே குத்திலிருந்து பைலாவுக்குத் தாளம் அறாமல் இறங்கலாம். அந்த இடத்தில் மண்டபமே ஒன்றாக எழும்பும். அதைச் செய்ய வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டும். இங்கேதான் இரண்டு மெசினுக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் வருகிறது.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்கிற டர்ன்டேபிள் 1972இல் வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாவது வடிவத்தைத்தான் உலகம் முழுக்க டீஜேக்கள் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் உள்ள நீளமான பிட்ச் ஸ்லைடரால் வேகத்தை மேலே 8 வீதமும் கீழே 8 வீதமும் மாற்றலாம். ஆனால் தட்டு வேகமாகச் சுற்றினால் குரலும் கூடவே ஏறும். 6 வீதம் கூட்டினால் அரைச் சுருதி ஏறிவிடும். வெளிநாட்டு நடன இசையில் இது யாருக்கும் தெரியாது. எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை அரைச் சுருதி ஏற்றிப் பாருங்கள். ஒருமுறை ஆரையம்பதியில் ஒரு கல்யாண வீட்டில் நான் அப்படிச் செய்தபோது, முன் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பச்சி ஒருவர் எழும்பி வந்து, "என்ன மனே, பாலு சின்னப் பொடியன் மாதிரிப் பாடுறான்?" என்று கேட்டார். நாற்பது வருசம் ஒரு குரலோடு வாழ்ந்த காது அது. சீடி பிளேயரில் சுருதியைப் பூட்டி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் மாற்றலாம். மிக அதிகமாக மாற்றினால் மத்தளச் சத்தம் கரகரக்கும், ஆனால் நாலைந்து வீதத்துக்குள் நின்றால் அப்பச்சிக்கும் தெரியாது.

சரி, இனி இடம்.

அறுகம்பேயில் ஒரு சீசனில், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு டீஜேக்கு நான் சவுண்ட் செட் கட்டினேன். மனிதர் முழுக்க ரெக்கோட் ஆள். தன்னுடைய பெட்டியையும் ஊசிகளையும் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பலகை மேடையில் டர்ன்டேபிளை வைத்துப் பேஸை ஏற்றினேன். 'ஊ' என்று ஒரு முனகல் தொடங்கி, மெதுவாகப் பெருத்து, மேடை முழுக்க நிறைந்தது. ஊசி என்பது நடுக்கத்தைச் சத்தமாக மாற்றுகிற பொருள். அது பள்ளத்தின் நடுக்கத்தையும் எடுக்கும், மேடையின் நடுக்கத்தையும் எடுக்கும். பேஸ் பொக்ஸ் பலகையை ஆட்ட, பலகை ஊசியை ஆட்ட, ஊசி அதையே திரும்பப் பொக்ஸுக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றி வளர்ந்துகொண்டே போகும். பக்கத்து வளவிலிருந்து கொங்கிறீட் பாவுகல் இரண்டைத் தூக்கிவந்து, பாதி காற்றடித்த சைக்கிள் டியூப்பை அடியில் வைத்து, அதன் மேல் மெசினை ஏற்றினோம். முனகல் அடங்கியது.

பொழுது பட்டதும் கடற்காற்று எழும்பியது. ஊசி தட்டில் ஊன்றுகிற பாரம் மூன்று நான்கு கிராம்தான். காற்றுக்கு ஊசியைத் தாங்குகிற கையை அசைக்கப் பெரிய பலம் தேவையில்லை. பாட்டு இரண்டு முறை துள்ளியது. அவர் ஒரு ரூபாய்க் குற்றி ஒன்றை என்னிடம் வாங்கி ஊசித் தலைக்கு மேல் ஒட்டினார். துள்ளல் நின்றது, ஆனால் அந்தப் பாரத்தோடு ஊசி பள்ளத்தை உழுகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பத்து மணியளவில் நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த தட்டின் பள்ளத்தில் மணல் பொடி மினுங்கியது. ஊசி அதன் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று சத்தம். அவர் ஒரு தூரிகையை எடுத்து, சுழலும் தட்டின் மேல் மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு துடைத்தார். அந்தக் கவனத்தை நான் மறக்க மாட்டேன். மிகச் சிறந்த கலைஞர். ஆனால் அன்றிரவு அவருடைய பாதிக் கவனம் ஆடுகிறவர்களிடம் இல்லை, காற்றோடும் மணலோடும் போராடுவதில் போனது.

சீடி பிளேயர் வாசிப்பது லேசரால். அது தட்டைத் தொடுவதே இல்லை. அதோடு, பாட்டை முன்கூட்டியே வாசித்து நினைவில் வைத்துக்கொள்வதால், மேடை கொஞ்சம் அதிர்ந்தாலும் பாட்டு அறாது. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் பாசிக்குடா முற்றத்தில் நின்று பார்த்தவனுக்கு இந்த ஒரு குணத்தின் பெறுமதி தெரியும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு மண்டபத்தின் முன்னால் மதிய வெயிலில் வானை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், மேலே கிடந்த மூன்று தட்டும் சோற்றுக் கோப்பை மாதிரிக் குழிந்திருந்தன. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஊசிக்கை ஆற்றுவாயில் தோணி ஏறி இறங்குகிற மாதிரி ஏறி இறங்கியது, பாட்டும் அதோடு சேர்ந்து நீண்டு குறுகியது. அதில் ஒன்று என் அப்பாவுடையது. சீடிக்கும் வெயில் ஆகாதுதான், ஆனால் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது வளைந்து போவதை நான் பார்த்ததில்லை.

பாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்பது ரெக்கோட் உறையோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 20 கிலோ வரும். எண்பது சீடி, தட்டு மட்டும் என்றால், ஒன்றேகால் கிலோ. மோட்டார் சைக்கிளில் சவுண்டுக்குப் போகிற பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஊசி தேய்ந்தால் புதிதாக வாங்க வேண்டும், நான் மட்டக்களப்பு நகரில் தேடிய கடைகளில் அது கிடைக்கவில்லை. கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், அங்கேயும் எந்த நாளும் இருக்காது.

ரெக்கோட்டுக்குப் பக்கபலமாக ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் ஜெனரேற்றரை நம்பித்தான் கல்யாணமே நடந்தது. கரண்ட் ஒரு கணம் போய் வந்தால் சீடி பிளேயர் முதலிலிருந்து தொடங்கும். தட்டைத் திரும்ப வாசித்து, நீங்கள் நின்ற இடத்தை மறந்து, முதலாம் பாட்டில் போய் நிற்கும். மண்டபத்தில் அந்தப் பத்து விநாடி பெரிய வெறுமை. டர்ன்டேபிள் அப்படியில்லை. தட்டு மெதுவாக ஓய்ந்து, கரண்ட் வந்து மறுபடி சுழன்றதும் ஊசி நின்ற அதே இடத்திலிருந்து பாட்டு எழும்பும். கல்முனையில் ஒரு விருந்தில் கரண்ட் இரண்டு முறை அப்படிப் போய் வந்தது. பாட்டு குழைந்து தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தபோது கூட்டம் கைதட்டியது, நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டார்கள். சீடிக்குப் போகிறவர், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிப் பிளேயர் இரண்டையும் மிக்ஸரையும் அதில் மாட்டிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி. எதில் சத்தம் நல்லது? கணக்கைப் பார்த்தால் சீடி. விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையில் அது தருகிற வெளி ஏறக்குறைய 96 டெசிபல். நல்ல ரெக்கோட்டில் 70ஐத் தாண்டுவது கடினம். ஆனால் ரெக்கோட்டில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல 12 அங்குலத் தட்டு, நல்ல ஊசி, அமைதியான அறை இருந்தால் எனக்கும் அதுதான் பிடிக்கும். பிரச்சினை என்னவென்றால், ஐந்நூறு பேர் பேசிச் சிரிக்கிற மண்டபத்தில், தகரக் கூரைக்குக் கீழே, வருசக்கணக்கில் லொறியில் குலுங்கின பொக்ஸில் இந்த வித்தியாசம் கேட்காது. அங்கே கேட்கப் போவது வேறொன்று. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய, நசுங்கிப்போன எம்பி3யை சீடியில் எழுதிக்கொண்டு வந்து போடுகிறார்களே, அந்த வித்தியாசம் தகரக் கூரைக்குக் கீழேயும் கேட்கும். சீடியைக் குறை சொல்கிற பல பேர் உண்மையில் குறை சொல்வது இந்தக் கெட்ட கோப்பைத்தான். அசல் சீடியிலிருந்து பாட்டை எடுங்கள், அல்லது காசு கொடுத்து நல்ல தரத்தில் வாங்குங்கள்.

சீடிக்கென்றும் நோய்கள் உண்டு. கணினியில் எழுதுகிற வெற்றுச் சீடியில் இருப்பது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதைத் தின்னும். கீழ்ப்பக்கக் கீறலுக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள், ஆனால் மேல்பக்கத்துப் பூச்சுதான் மெல்லியது, அங்கே ஒரு ஆழமான கீறல் விழுந்தால் தட்டு போய்விடும். காகித லேபிள் ஒட்டவே கூடாது. சூட்டில் அது கழன்று மெசினுக்குள் சிக்கினால் கல்யாணத்தின் நடுவில் ஸ்குரூடிரைவர் தேட வேண்டும். முக்கியமான பாட்டுகளை இரண்டு பிரதி எழுத வேண்டும், அப்போதுதான் ஒரே தொகுப்பில் இருக்கிற இரண்டு பாட்டை இரண்டு பிளேயரில் போட்டுக் கலக்கலாம். இருட்டில் உறையின் படத்தைப் பார்த்து ரெக்கோட்டை எடுப்பது சுகம். சீடிப் பையில் எல்லாம் ஒரே வெள்ளித் தட்டு, அதனால் பெரிய எழுத்தில் இலக்கம் போட்டு, வேகத்தையும் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனபோது பொடியன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "இப்ப ஆர் மாமா சீடி பாவிக்கிற? மறுகா அதுவும் இல்லாமப் போனா?" என்றான். நியாயம்தான். பயனியர் நிறுவனம் 1994இல் சீடிஜே-500 என்று தொடங்கி, 2001இல் தட்டைத் தொடுகிற மாதிரியே தொட்டு வேலை செய்யலாம் என்று பெரிய சக்கரம் வைத்த சீடிஜே-1000ஐ விட்டது. கிளப்புகளில் டர்ன்டேபிளை ஓரத்துக்குத் தள்ளியது அதுதான். அதே வரிசையில் 2020இல் வந்த சீடிஜே-3000இல் சீடி போடுகிற துளையே இல்லை. ஆனால் நடுவில் வந்தவற்றில், 2009இன் சீடிஜே-2000 மாதிரியானவற்றில், சீடித் துளையும் யூஎஸ்பியும் இரண்டும் உண்டு. பெரியப்பாவிடம் அந்த வகையைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சீடியில் பழகிய கை யூஎஸ்பிக்கு ஒரு நாளில் மாறும், சக்கரமும் ஸ்லைடரும் அதேதான். சீடிப் பை, யூஎஸ்பி தொலைந்த நாளில் கைகொடுக்கும். டர்ன்டேபிளில் பாட்டுக்குப் பதிலாகக் குறியீடு மட்டும் பதிந்த தட்டைப் போட்டுக் கணினியிலிருந்து பாட்டை ஓட்டுகிற மூன்றாவது வழியையும் பொடியன் கேட்டான். பாட்டுப் பிரச்சினை அதில் தீரும். ஆனால் ஊசி அங்கேயும் ஊசிதான், காற்றும் மணலும் முனகலும் போகாது. மேலதிகமாக ஒரு மடிக்கணினியையும் மணலில் வைத்துக் காவல் காக்க வேண்டும்.

அப்படியானால் ரெக்கோட்டில் பழகியவனுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அது காது. நான் ரெக்கோட்டில் தொடங்கியவன். ஹெட்போனை ஒரு காதில் பிடித்து, அடுத்த பாட்டின் தாள உதை இந்தப் பாட்டின் உதைக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று கேட்டு, விரல் நுனியால் தட்டின் ஓரத்தை ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி கேட்டு, அப்படித்தான் பழகினேன். தட்டின் முகத்தைப் பார்த்தே பாட்டைப் படிக்கலாம். சத்தம் நிறைந்த இடம் வெளிறி மினுங்கும், இசை அடங்குகிற இடம் கறுத்து வழவழப்பாக இருக்கும். மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் இரவு இரண்டு உதையும் ஒன்றாகி ஒரே உதையாகக் கேட்டபோது அறையில் தனியாக நின்று அழுதேன். சீடி பிளேயரின் திரை வேகத்தை இலக்கமாகக் காட்டிவிடுகிறது. இரண்டு திரையிலும் ஒரே இலக்கத்தை வைத்துவிட்டுப் பாட்டு பொருந்திவிட்டது என்று நினைக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். வெளிநாட்டுப் பாட்டில் அது ஓரளவு நிற்கும். பழைய திரைப்பாட்டிலும் பைலாவிலும் தாளம் நகர்ந்துகொண்டே இருக்கும், இலக்கம் அதைச் சொல்லாது, காதுதான் சொல்லும். ரெக்கோட் ஆட்கள் சீடியைப் பற்றிச் சொல்கிற குறைகளில் நான் முழுக்க ஏற்றுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அது மேடைக்குச் சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க ஏலாது.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்புக் கடலோரத்து டச்பார் பக்கம் ஒரு வீட்டைத் துப்புரவு செய்யப் போனோம். கூரை இல்லை. சேற்றுக்குள் ஒரு பலகைப் பெட்டி கிடந்தது. உள்ளே முப்பது நாற்பது ரெக்கோட், உறையெல்லாம் கஞ்சியாகக் கரைந்து தட்டுகளோடு ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் மிஞ்சியிருந்தவர் அவற்றைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார், பார்க்க அவரால் முடியவில்லை. நான் எடுத்து வந்து கிணற்றடியில் பெரிய பேசினில் வைத்து, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில், பள்ளத்தின் வழியே விரலை ஓட்டி ஒவ்வொன்றாகக் கழுவினேன். லேபிள்கள் போய்விட்டன. எந்தத் தட்டில் என்ன பாட்டு என்று தெரியாது. ஊசியை வைத்துக் கேட்டால்தான் தெரியும். கேட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறிய தட்டிலிருந்து வயலின் வந்தது, ஆட்கள் கூடிப் பாடுகிற பைலா வந்தது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி எல்லாம் இருந்தது. பல மாதம் கழித்து அவர் வந்து, தட்டைத் தொடாமல், கதிரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். எந்தப் பாட்டுக்கு யார் ஆடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதே காலத்தில் நான் எழுதி வைத்த சீடிகளை இப்போது எடுத்துப் போட்டால் பாதிக்கு மேல் மெசின் வாசிப்பதில்லை. சாயம் வெளுத்துவிட்டது. கடலில் கிடந்த ரெக்கோட் பாடுகிறது, அலமாரியில் கிடந்த சீடி பாடவில்லை.

அதனால் பொடியனுக்கு நான் சொன்னது இதுதான். மேடைக்குச் சீடி. உன்னிடம் வருகிற கூட்டம் கேட்கிற பாட்டு அதில்தான் இருக்கிறது, உன் மேடைக்கு அடியில் மணல் இருக்கிறது, உன் தலைக்கு மேல் காற்று இருக்கிறது. சுவிஸ் டர்ன்டேபிள் இரண்டையும் வேண்டாம் என்று சொல். அந்த எண்பது தட்டும் அவற்றை வாசிக்கத் தெரிந்த ஊருக்குப் போகட்டும். ஆனால் வீட்டில் ஒரு டர்ன்டேபிள் கட்டாயம் வேண்டும். என்னுடையது இருக்கிறது. பழைய வீடுகளில் கிடக்கிற தட்டுகளைக் கேட்டு வாங்கி, கழுவி, நல்ல தரத்தில் கணினிக்கு ஏற்றி, அதிலிருந்து சீடியில் எழுதி மேடைக்குக் கொண்டு போவோம். அசல் தட்டை வெயில் படாத அறையில் நிமிர்த்தி அடுக்கி வைப்போம். எல்பியின் மெலிந்த பேஸைக் கணினியில் கொஞ்சம் நிமிர்த்தவும் செய்யலாம், நான் சில பாட்டுக்குச் செய்திருக்கிறேன்.

காதுக்கு என்ன செய்வது என்று கேட்டான். சீடி பிளேயரின் திரையில் வேகம் காட்டுகிற இடத்தை முதல் ஆறு மாதமும் கறுப்பு டேப்பால் மூடிவிடுவோம் என்றேன். சுருதிப் பூட்டையும் அணைத்துவிடு, வேகம் கூடினால் குரல் ஏறுவதைக் கேட்டுப் பழகு. முதலில் தாளம் அசையாத இரண்டு வெளிநாட்டுப் பாட்டு, அப்புறம் ஒரு குத்தும் ஒரு பைலாவும், கடைசியில் 80களின் திரைப்பாட்டு இரண்டு. அந்தக் கடைசி இரண்டும் ஒரு நிமிடம் ஒன்றாக ஓடினால் மண்டபத்துக்கு வா.

முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. கறுப்புத் தட்டு ஆசை அப்படி லேசில் போகாது. எழும்பிப் போகும்போது, "அந்தக் கடல் தட்டை ஒருக்கா போடுங்களன் மாமா" என்றான். போட்டேன். தட்டின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். வைக்கச் சொன்னேன்.

பார்சல் வர ஆறு எட்டுக் கிழமை ஆகும். டேப் வாங்கி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.